கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு எந்த மருந்து? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அரிசோனாவில் பணிபுரிகிறேன். இங்குள்ள துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் உறுப்பினராகி, 9 எம்எம் கைத்துப்பாக்கியிலும் .38 ஸ்பெஷல் ரிவால்வரிலும் இலக்குப் பயிற்சி செய்துவருகிறேன். சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைச் சேர்த்துவைத்து நானே தோட்டா நிரப்பலாம் என்று ஒரு பிரஸ் (நிரப்பும் கருவி) வாங்கியிருக்கிறேன். ஆனால், கடையில் அடுக்கடுக்காக இருக்கும் வெடிமருந்து டப்பாக்களைப் பார்த்ததும் குழம்பிப்போனேன். “புல்ஸ்ஐ என்னும் மருந்தை வாங்குங்கள், கொஞ்சமாகப் போட்டால் போதும், ஒரு டப்பா நெடுநாள் வரும்” என்கிறார் கழக நண்பர். இரண்டு துப்பாக்கிகளுக்கும் ஒரே மருந்து போதுமா? எதை வைத்து முடிவுசெய்வது?

பதில்: ஒரே மருந்து போதும். ஆனால், நண்பர் சொன்ன காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். கணக்குக்காக மட்டும் ஒரு தோட்டாவுக்கு 4 கிரெயின் என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுண்டு டப்பாவில் 1,750 தோட்டாக்கள் வரும். 5 கிரெயின் என்றால் 1,400 வரும். குண்டுக்கும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதில் மிச்சமாவது சொற்பம்தான். அந்தச் சொற்பத்துக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இன்றைய தோட்டாக்களில் போடப்படும் புகையில்லா மருந்து வெடிப்பதில்லை. மிக வேகமாக எரிகிறது. எரிவது ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலிருந்து தொடங்குவதால், துகளின் வடிவமும் பருமனும் எரிவதை மட்டுப்படுத்த அதன்மீது பூசப்பட்ட தணிப்பானும் சேர்ந்து அந்த வேகத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே எடையுள்ள விறகைச் சிராய்களாகப் பிளந்து போடுவதற்கும் முழுக்கட்டையாகப் போடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இதில் இன்னொன்றும் சேர்கிறது: சுற்றியுள்ள அழுத்தம் கூடக் கூட மருந்து இன்னும் வேகமாக எரியும், வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் கூடும். நீண்ட குழல் கொண்ட ரைஃபிளில் மெதுவாக எரியும் மருந்துக்கு அவகாசம் உண்டு. நான்கைந்து அங்குலக் குழல் கொண்ட கைத்துப்பாக்கியில் அந்த அவகாசம் இல்லை. மெதுவான மருந்தைப் போட்டால் பாதி எரியாத துகள்கள் குழலின் வாயிலிருந்து தீப்பிழம்பாக வெளியேறும், குண்டின் வேகமும் ஒரே சீராக இருக்காது. அதனால்தான் கைத்துப்பாக்கிக்கு வேகமான மருந்து வேண்டும் என்கிறோம்.

வேகமான மருந்து என்றால் அளவு குறைவு. உங்கள் நண்பர் நன்மையாகக் காண்பது இதைத்தான். நான் அஞ்சுவதும் இதைத்தான். .38 ஸ்பெஷல் தோட்டா 1898இல் கரிமருந்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த அந்தப் பழைய மருந்து அதிக இடத்தைப் பிடிக்கும். ஆகவே கூடும் அதற்கேற்றபடி நீளமாக அமைந்தது. மருந்து மாறியது, கூட்டின் அளவு மாறவில்லை. இன்று அதில் புல்ஸ்ஐ போன்ற வேக மருந்தை இலக்குப் பயிற்சிக்கான அளவில் போட்டால் கூட்டின் அடியில் ஒரு சிறு பகுதிதான் நிரம்பும். கவனம் சிதறிய ஒரு கணத்தில் அதே கூட்டில் இரண்டாம் முறை மருந்து விழுந்தாலும் அது வழியாது. குண்டை மேலே பொருத்திவிட்டால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் அமைப்பான சாமி (SAAMI) வகுத்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. இரட்டை அளவு மருந்து விழுந்த தோட்டா இந்த வரம்பை எங்கோ விட்டுவிட்டுப் போகும். ரிவால்வரின் உருளை பிளந்து போவதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது.

9 எம்எம் தோட்டாவின் கதை வேறு. ஜார்ஜ் லூகர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை வடிவமைத்தபோதே புகையில்லா மருந்து புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதனால் கூடு குட்டையானது, வீணாகும் இடம் குறைவு. அதன் உச்ச வரம்பு 35,000 பவுண்டு, அதாவது .38 ஸ்பெஷலுக்கு உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. இங்கே இரட்டை அளவைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது குண்டின் ஆழத்தைப் பற்றி. தோட்டா, குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஏறும்போது வழியிலுள்ள சரிவில் இடித்துக் குண்டு சற்றே உள்ளே தள்ளப்பட்டால், ஏற்கெனவே சிறிதான இடம் இன்னும் சுருங்கி, நான் மேலே சொன்ன அழுத்தமும் வேகமும் ஒன்றையொன்று தூண்டும் நிலை உருவாகும். வேக மருந்தில் இதன் விளைவு கடுமையாக இருக்கும்.

ஆகவே, முதன்முதலாக நிரப்பும் ஒருவருக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: தவறு நேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும்படி இடத்தை நிரப்பும் மருந்தை வாங்குங்கள். புல்ஸ்ஐ சந்தைக்கு வந்து சில ஆண்டுகளுக்குள், 1900இல் அறிமுகமான யூனிக் என்னும் தட்டைத் துகள் மருந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது புல்ஸ்ஐயைவிட மெதுவானது. 9 எம்எம் கூட்டில் வழக்கமான அளவை இருமுறை போட்டால் விளிம்பைத் தாண்டி வழிந்துவிடும். .38 ஸ்பெஷலில் வழியாது என்றாலும், பக்கத்துக் கூடுகளோடு ஒப்பிட்டால் மட்டம் உயர்ந்திருப்பது பளிச்சென்று தெரியும். உங்கள் இரண்டு தோட்டாக்களுக்கும் அதற்கான அளவு அட்டவணைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. குறையும் உண்டு: பெரிய தட்டைத் துகள்கள் அளவைக் கருவியில் சீராக இறங்குவதில்லை, எரிந்தபின் கரியும் சற்றுக் கூடுதலாகப் படியும். உருண்டைத் துகள் கொண்ட எச்பி-38 போன்றவை கருவியில் மிகச் சீராக இறங்கும், ஆனால் குறைந்த இடத்தையே பிடிக்கும். டைட்குரூப் என்னும் மருந்து பெரிய கூட்டிலும் சீராகப் பற்றுவதற்காக உருவாக்கப்பட்டது, விலையும் பரவாயில்லை. ஆனால் அதை இடத்தை நிரப்பும் மருந்து என்று சொல்ல முடியாது. அனுபவம் வந்தபின் இவற்றுக்கு மாறுவதில் தவறில்லை. சீராக இறங்காத மருந்தைத் தராசில் நிறுத்துச் சரிசெய்துவிடலாம். கூட்டுக்குள் மறைந்துகொண்ட தவறைச் சரிசெய்ய வழியில்லை என்பதால்தான் முதல் டப்பாவுக்கு யூனிக் வகையையே பரிந்துரைக்கிறேன்.

மருந்து எதுவானாலும், ஐம்பது கூடுகள் கொண்ட தட்டு முழுவதையும் நிரப்பியபின் நல்ல விளக்கொளியில் ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் பார்த்துவிட்டுத்தான் குண்டைப் பொருத்த வேண்டும். இரட்டை அளவைப் போலவே மருந்தே விழாத கூடும் ஆபத்தானது. பிரைமரின் விசை மட்டுமே குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் கிழியும். சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி, துப்பாக்கியைக் காலிசெய்து குழலைப் பாருங்கள்.

எத்தனை கிரெயின் போடுவது என்பதை இந்தப் பத்தியில் எழுதமாட்டேன். குண்டின் எடை, அது ஈயமா உலோக உறையிட்டதா, தோட்டாவின் மொத்த நீளம் என ஒவ்வொன்றும் அளவை மாற்றும். மருந்து நிறுவனம் வெளியிடும் நடப்பு அட்டவணையில் உங்கள் குண்டுக்கு நேராக உள்ள தொடக்க அளவை எடுத்துக்கொண்டு, அங்கிருந்துதான் படிப்படியாக ஏற வேண்டும்.

கேள்வி: எரிவேக வரிசைப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மருந்துகளை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் பயன்படுத்தலாமா? கடையில் ஒன்று கிடைக்காதபோது இந்த யோசனை வருகிறது.

பதில்: கூடாது. அந்தப் பட்டியல் எது வேகம், எது மெது என்ற வரிசையை மட்டும் சொல்கிறது. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைச் சொல்வதில்லை. அதோடு, ஒரு மருந்தின் வேகம் அது எரியும் அழுத்தத்தைப் பொறுத்து மாறுவதால், ஒரு தோட்டாவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மருந்துகள் இன்னொரு தோட்டாவில் இடம் மாறிக்கொள்ளும். எச்பி-38உம் வின்செஸ்டர் 231உம் ஒரே மருந்து, எச்110உம் வின்செஸ்டர் 296உம் ஒரே மருந்து; டப்பாவின் பெயர் மட்டும் வேறு. இவை விதிவிலக்குகள். அப்போதும் கையில் உள்ள டப்பாவின் பெயருக்கான அட்டவணையைப் பார்ப்பதே ஒழுங்கு.

எச்110 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். .357, .44 மேக்னம் என்னும் ஆற்றல் மிகுந்த தோட்டாக்களுக்கான அந்த மருந்தை, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அட்டவணையைவிட வெகுவாகக் குறைத்துப் போடுவது பாதுகாப்பல்ல. அது முழுமையாகப் பற்றுவதற்கு நிரம்பிய கூடும் உயர்ந்த அழுத்தமும் தேவை. குறைத்தால் சரியாக எரியாமல் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும். மென்மையாக உதைக்கும் தோட்டா வேண்டுமென்றால் மருந்தை மாற்ற வேண்டும், அளவைக் குறைக்கக் கூடாது.

கேள்வி: போட்டிகளில் சுடும் சிலர் வேண்டுமென்றே மெதுவான மருந்தை அதிகமாகப் போடுகிறார்களே, ஏன்?

பதில்: அமெரிக்கச் செயல்முறைச் சுடுபோட்டிகளில் குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து வரும் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். கீழ்ப்பிரிவுக்கு அது 125ஐயும் மேல்பிரிவுக்கு 165ஐயும் எட்ட வேண்டும். 124 கிரெயின் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130 வரும். கீழ்ப்பிரிவினர் வேக மருந்தைச் சிறிதளவு போடுகிறார்கள். வெளியேறும் வாயு குறைவதால் பின்னுதைப்பும் சற்றுக் குறைகிறது. குழலின் முனையில் வாயுவை மேல்நோக்கித் திருப்பும் துளைகள் கொண்ட துப்பாக்கிகளுக்கோ, முனை எம்பாமல் அழுத்திப்பிடிக்க நிறைய வாயு வேண்டும். அதற்காகவே மெதுவான மருந்தை நிறையப் போடுகிறார்கள்.

கேள்வி: நான் குன்னூர்க்காரன். அருவங்காடு தொழிற்சாலையில் செய்யப்பட்ட கார்டைட் மருந்தும் இதே வகைதானா? நம் ஊரில் உரிமத்துடன் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா?

பதில்: குடும்பம் ஒன்றுதான். பிரான்சில் பால் வியேல் 1884இல் நைட்ரோசெல்லுலோஸிலிருந்து முதல் புகையில்லா ரைஃபிள் மருந்தை உருவாக்கினார். ஆல்பிரட் நோபல் அதனுடன் நைட்ரோகிளிசரின் சேர்த்து 1887இல் பாலிஸ்டைட்டைக் கொண்டுவந்தார். 1889இல் பிரிட்டனில் ஏபெலும் டீவரும் பெட்ரோலிய ஜெல்லியையும் சேர்த்து, அசிட்டோனில் பிசைந்து, நூலிழைகளாகப் பிழிந்தெடுத்ததே கார்டைட். பிரிட்டிஷ் இந்தியப் படையின் தேவைக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருவங்காட்டில் ஆலை எழுந்தது. புல்ஸ்ஐயும் யூனிக்கும் இதுபோலவே நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும் கலந்த இரட்டைக் கூறு மருந்துகள்தான். இழைகளாக இல்லாமல் தட்டைத் துகள்களாக இருக்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு: துப்பாக்கி வைத்திருக்கத் தரப்படும் உரிமம் தோட்டா தயாரிக்கும் உரிமம் ஆகாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவில், தயாரிப்புக்கான தனி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடைசெய்கிறது. அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. அந்த நாட்டுப் பழக்கத்தைக் காணொளியில் பார்த்துவிட்டு இங்கே முயல வேண்டாம்.

கேள்வி: கழகத்தில் மூத்தவர் ஒருவர் பல ஆண்டுகளாக வைத்திருந்த மருந்து டப்பாக்களை எனக்குக் கொடுத்திருக்கிறார். பயன்படுத்தலாமா?

பதில்: மூடியைத் திறந்ததும் ஈதர் அல்லது ஆல்கஹால் போன்ற கரைப்பானின் வாசனை வந்தால் நல்லது. மூக்கைக் குத்தும் அமில நெடி அடித்தாலோ செம்பழுப்புத் தூசியோ புகையோ தெரிந்தாலோ, சிதையாமல் காக்க அதில் சேர்க்கப்பட்ட நிலைப்படுத்தி தீர்ந்து மருந்து சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை வீட்டுக்குள் வைத்திருக்கவே கூடாது, ஏனெனில் சிதைவின் வெப்பத்திலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். நிறுவனத்தின் சொந்த டப்பாவில், பெயர்ச்சீட்டுக் கிழியாமல், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் இருந்த மருந்து பல பத்தாண்டுகள்கூடத் தாங்கும். வேறு பாட்டிலுக்கு மாற்றப்பட்டதாகவோ பெயர்ச்சீட்டு இல்லாததாகவோ இருந்தால், கொடுத்தவர் எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும் நிரப்பாதீர்கள். துகளின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து எந்த மருந்து என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவற்றை எப்படி அகற்றுவது என்று உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையிடம் கேட்டுச் செய்யுங்கள்.