வாசகர் கேள்வி–பதில்: ஸ்ட்ரோபெரி ஆயப் போகிறவர்களுக்கு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், நாங்களே போய்ப் பழம் ஆய்ந்து காசு கொடுத்து வாங்கிவருகிற ஸ்ட்ரோபெரித் தோட்டங்கள் பற்றியவை. கனடாவுக்கு வந்த புதிதில் ஸ்டோவ்வில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஜூன் மாதங்களில் வேலை செய்தேன் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள். எனக்கும் ஆசையான விஷயம் என்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

போன வருடம் பள்ளிக்கூடம் விட்டபிறகு, ஜூலையில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தோட்டத்துக்குப் போனோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னப் பழங்கள்தான் கிடந்தன. எப்போது போனால் நல்ல பழம் கிடைக்கும் அக்கா?
– வாசகி, ஸ்காபரோ

பள்ளிக்கூடம் விடட்டும் என்று இருந்ததில்தான் காலம் போய்விட்டது தங்கச்சி. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஸ்ட்ரோபெரி பெரும்பாலும் ஜூன் நடுப்பகுதியில் தொடங்கும். ஜூலை முதல் வாரத்தோடு கிட்டத்தட்ட அடங்கிவிடும். மூன்று, மிஞ்சினால் நான்கு வாரம். வசந்தம் குளிராக இழுத்தால் ஒரு வாரம் பிந்தும். திடீரென்று வெயில் கொளுத்தினால் எல்லாம் ஒன்றாகப் பழுத்து, காலம் இன்னும் சுருங்கிவிடும்.

நீங்கள் கண்ட சின்னப் பழத்துக்கும் காரணம் இருக்கிறது. ஒரு பூங்கொத்தில் முதலில் விரிகிற நடுப் பூதான் பெரிய பழம் தரும். அதற்குப் பிறகு விரிகிற பூக்களின் பழங்கள் வரவரச் சிறுக்கும். பூத்ததிலிருந்து பழுக்க ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். ஆகவே ஜூலையில் உங்கள் கைக்கு வந்தது கொத்தின் கடைசிப் பிள்ளைகள். அவை பழுதில்லை, ருசியும் குறையாது, கூடை நிரம்பத்தான் நேரமாகும்.

இந்த வருடம் ஜூன் மூன்றாம் வாரத்தைக் குறித்து வையுங்கள். முடிந்தால் கிழமை நாளில், வெயில் ஏறமுன் விடியவே போய்விடுங்கள். புறப்படமுன் தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். இது முக்கியம். சனிக்கிழமை சனம் வந்து பழுத்ததை எல்லாம் ஆய்ந்துவிட்டால், அடுத்தது பழுக்கும்வரை வயலைச் சாத்திவிடுவார்கள். ஞாயிறு காலையில் நாற்பது நிமிடம் ஓடிப்போய் மூடிய படலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ. அங்கே வேலை செய்த காலத்தில் நான்தான் அவர்களுக்குச் சொல்லி அனுப்புவேன், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது. பெருமழைக்கு அடுத்த நாளும் வேண்டாம். நனைந்த பழத்தில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிடும், வீட்டுக்கு வந்து சேரமுன்னமே இளகிவிடும்.

ஜூனைத் தவறவிட்டாலும் ஒரு வழி உண்டு. பகல் நீளத்தைப் பாராமல் தொடர்ந்து காய்க்கிற ரகங்களைச் சில தோட்டங்கள் வைத்திருக்கின்றன. அங்கே ஓகஸ்ட், செப்டெம்பரிலும் ஆயலாம்.

கலிபோர்னியாப் பழம் வருடம் முழுக்கக் கடையில் கிடைக்கிறது, விலையும் குறைவு. பெற்றோலும் செலவழித்து, காசும் கொடுத்து, நாங்களே குனிந்து வேலை செய்வதில் என்ன லாபம்?
– வாசகர், மார்க்கம்

நியாயமான கேள்வி ஐயா. காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் லாபம் இல்லாமல் போகலாம். ஆனால் பழத்தின் இயல்பைக் கொஞ்சம் பாருங்கள்.

மாங்காயை முற்றியவுடன் பிடுங்கி வைக்கோலுக்குள் வைத்தால் பழுக்கும். வாழைக்குலையும் அப்படித்தான். ஸ்ட்ரோபெரி அந்தச் சாதி இல்லை. செடியிலிருந்து ஆய்ந்த கணத்தில் அது பழுப்பது நின்றுவிடும். பிறகு நிறம் கொஞ்சம் கூடலாம், மெத்தென்று ஆகலாம், ஆனால் இனிப்பு ஏறாது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் லொறியில் வரவேண்டிய பழத்தை நன்றாகப் பழுக்கவிட்டு ஆய முடியுமா? காம்புப் பக்கத்துத் தோளில் வெள்ளை இருக்கும்போதே ஆய்ந்தாக வேண்டும். ரகத்தையும் அடி தாங்குகிற கட்டியான ரகமாகத்தான் தெரிவார்கள். கடைப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வெள்ளையும் வெறுமையுமாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள்.

இங்கத்தைய தோட்டங்களில் நடுகிற ரகங்கள் வேறு. ‘ஜுவல்’ என்பது நியூயோர்க்கில் கோர்னெல் பல்கலைக்கழகம் உருவாக்கியது. ‘கவென்டிஷ்’, ‘வெண்டி’ இரண்டும் நோவா ஸ்கோஷியாவின் கென்ட்வில் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. இவை கலிபோர்னியா ரகங்களைப்போலத் தூரப் பயணத்துக்கென்று தெரிந்தவை இல்லை. உள்ளே நடுவரைக்கும் சிவப்பு, வெட்டும்போதே சாறு ஓடும். தோட்டத்துக்குப் போனால்தான் பழுத்த ஸ்ட்ரோபெரி கிடைக்கும் என்பது என் முடிவு. கடையில் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, மாசி மாதத்தில் எனக்கும் அதுதான் கதி. ஜூனில் ஒரு தரமாவது போய் வாருங்கள் ஐயா, பிறகு எனக்கு எழுதுங்கள்.

ஸ்ட்ரோபெரிக்கு மட்டும் ஏன் விதை வெளியில் இருக்கிறது?
– வாசகரின் 10 வயது மகன், மில்ரன்

நல்லாக் கேட்டீங்கள் கண்ணா! நாங்கள் விதை என்று நினைக்கிற அந்தச் சின்னப் புள்ளி ஒவ்வொன்றும்தான் உண்மையான பழம். அதற்குள்ளேதான் விதை இருக்கிறது. ஒரு ஸ்ட்ரோபெரியில் ஏறக்குறைய 200 புள்ளிகள் இருக்கும். நாங்கள் ருசித்துச் சாப்பிடுகிற சிவப்புச் சதை, பூவின் அடிப்பகுதி வீங்கி வந்தது. தேனீ வந்து மகரந்தம் சேர்க்காத பக்கத்தில் சதை வீங்காது, பழம் கோணலாகிவிடும். தோட்டத்துக்குப் போனால் ஒரு கோணல் பழத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒடுங்கின பக்கத்தில் புள்ளிகள் சின்னதாக, நெருக்கமாக இருக்கும்.

அம்மாவுக்கு 78 வயது. ஊரில் தோட்டம் செய்தவர். இங்கே வந்தபின் நாலு சுவருக்குள்தான் இருக்கிறார். கூட்டிப்போக விருப்பம், ஆனால் முழங்கால் வருத்தமும் சீனி வருத்தமும் உண்டு. கூட்டிப்போகலாமா?
– வாசகி, அஜக்ஸ்

கட்டாயம் கூட்டிப்போங்கள். இந்தக் கடிதத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பல தோட்டங்களில் வாசலிலிருந்து வயலுக்கு ட்ராக்டர் வண்டியில் ஏற்றிப்போவார்கள். ஏறுகிற படி உயரமாக இருக்கும். அம்மாவால் ஏற முடியாவிட்டால் வாசலிலேயே சொல்லுங்கள், காரை வயல் ஓரம் வரை விடச் சம்மதிக்கிற இடங்கள் உண்டு. மடக்கு நாற்காலி அல்லது குறண்டி ஒன்று கொண்டுபோங்கள். வரிசையின் தொடக்கத்தில் இருத்திவிட்டால், கை எட்டுகிற தூரத்திலேயே ஒரு சின்னக் கூடைக்குப் பழம் இருக்கும். குந்தியிருக்கத் தேவையில்லை. வயலில் மரநிழல் கிடையாது. தொப்பி, தண்ணீர், முழுக்கைச் சட்டை, அடி தட்டையான மூடிய சப்பாத்து, இவ்வளவும் வேண்டும். வரிசைகளுக்கு இடையில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள், பனி ஈரத்தில் அது வழுக்கும். கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

அந்த வைக்கோலைப் பற்றி அம்மா நிச்சயம் கேட்பார், சொல்லிக்கொடுங்கள். மாரி தொடங்கமுன் செடியைக் குளிரிலிருந்து காக்க மேலே மூடுவது அதுதான். வசந்தத்தில் அதையே வாரி வரிசைக்கிடையில் போடுவார்கள், பழம் மண்ணில் படாமல் இருக்க. நட்ட முதல் வருடம் பூக்களைக் கிள்ளி எறிவார்கள், அப்போதுதான் செடி வேரூன்றும், அடுத்த ஜூனில்தான் பழம். மே மாதத்தில் பூக்கிற நேரம் உறைபனி விழும் என்று தெரிந்தால் தோட்டக்காரர் இரவிரவாகத் தண்ணீர் தெளிப்பார். தண்ணீர் உறையும்போது வெளிவிடுகிற வெப்பம் பூவைக் காப்பாற்றும். விடியப் பார்த்தால் வயல் முழுக்கக் கண்ணாடி பூசியதுபோல் இருக்கும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைத்த ஒரு மனுசிக்கு இதெல்லாம் விளங்கும். உங்களையும் என்னையும்விட நன்றாக விளங்கும்.

சீனி வருத்தத்துக்கு இது பயப்படுகிற பழம் இல்லை. 100 கிராமில் சீனி ஏறக்குறைய 5 கிராம்தான். வைத்தியர் சொன்ன அளவுக்குள் தாராளமாகச் சாப்பிடலாம். சீனி தூவிக் கொடுக்க வேண்டாம். குளிசைக்கும் சாப்பாட்டுக்குமான நேரம் தப்பாமல் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

எப்படி ஆய்வது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. மகள் செடியையே பிடுங்கிவிட்டாள்.
– வாசகர், விற்பி

பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது தம்பி. பழத்துக்குச் சற்று மேலே காம்பைப் பெருவிரல் நகத்துக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துக் கிள்ளி, இலேசாக முறுக்கினால் வந்துவிடும். பச்சைத் தொப்பி பழத்தோடு இருக்க வேண்டும். தோள் வரை சிவந்ததை மட்டும் எடுங்கள், வெள்ளை தெரிந்தால் நாளைக்கு வருகிறவருக்கு விடுங்கள். இலையைக் கையால் விலக்கிப் பாருங்கள், நல்ல பழம் நிழலில் ஒளித்திருக்கும். கூடையை உயரமாகக் குவித்தால் அடிப்பழம் நசியும். வரிசையில் குத்தியிருக்கிற சின்னக் கொடி, கடைசியாக ஆய்ந்தவர் விட்ட இடம். அதிலிருந்து தொடங்குங்கள், முடிக்கும்போது கொடியை நகர்த்தி வையுங்கள்.

அங்கே வேலை செய்கிறவர்கள் ஏன் எல்லாரும் மெக்சிக்கோ ஆக்கள் என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.
– வாசகி, பிரம்ரன்

மகன் கவனித்திருக்கிறான், சந்தோசம். வெளிநாட்டவரைக் கனடாவின் தோட்ட வேலைக்குக் கூப்பிடுகிற பருவகால வேளாண் தொழிலாளர் திட்டம் என்று ஒன்று 1966இல் ஜமெய்க்காவோடு தொடங்கியது. 1974இல் மெக்சிக்கோ சேர்ந்தது. வருடத்தில் அதிகபட்சம் எட்டு மாதம் இங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். வேலை அனுமதி ஒரு தோட்டத்தோடு கட்டப்பட்டிருக்கும், நினைத்தவுடன் வேறு இடம் மாற முடியாது. மனைவி பிள்ளைகள் ஊரில். வருடா வருடம் இதே வயலுக்கு வந்து தலை நரைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரம் அவர்கள் வீட்டுக்குக் கதைக்கும்போது நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். பாசை விளங்காது, ஆனால் என்ன கதைக்கிறார்கள் என்று விளங்கும். நாங்கள் வந்தோம், குடும்பத்தைக் கூப்பிட்டோம், தங்கிவிட்டோம். அவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இது எனக்கு ஆறாத விஷயம். மகனுக்கு இதையெல்லாம் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது நின்று ஒரு ‘ஓலா’ (அவர்களின் ஸ்பானிய மொழியில் வணக்கம்) சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் அவனுக்குச் சொல்லலாம். இந்த நிலத்தில் காட்டு ஸ்ட்ரோபெரி எப்போதிருந்தோ இருக்கிறது. பூர்வகுடிகளான ஹோடினொஷோனி மக்கள் ஜூனில் அது பழுக்கும்போது நன்றி சொல்லிச் சடங்கு செய்கிறார்கள். வட அமெரிக்கக் காட்டு இனமும், 1714இல் பிரெஞ்சு அதிகாரி ஃப்ரெசியே சிலியிலிருந்து கொண்டுபோன இனமும் பிரான்சில் கலந்து பிறந்ததுதான் இன்று நாங்கள் சாப்பிடும் பழம்.

ஆசையில் மூன்று கூடை ஆய்ந்து வந்தோம். அடுத்த நாளே பழுதாகத் தொடங்கிவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஒஷாவா

தோட்டத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போனீர்களா, அல்லது வழியில் சொந்தக்காரர் வீட்டுக்கா? வெயிலில் நிற்கிற காரின் பின்பெட்டி இந்தப் பழத்துக்கு யமன். காரில் குளிர்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவ வேண்டாம். நசிந்ததைப் பொறுக்கி அப்போதே சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை அகலத் தட்டில் ஒரு அடுக்காகப் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சாப்பிடுகிற நேரம் கழுவுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

அதற்கு மேல் என்றால் கழுவித் துடைத்து, தொப்பியை எடுத்து, தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் உறைய வைத்துப் பிறகு பையில் போடுங்கள். மாரி முழுக்க வரும். ஜாம் காய்ச்சினால் ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சீனியும் ஒரு தேசிக்காயின் சாறும். இந்தப் பழத்தில் ஜாமை இறுக வைக்கிற பெக்டின் என்ற பொருள் குறைவு, புளி சேர்ந்தால்தான் இறுகும். கொஞ்சம் கொஞ்சமாக, அகன்ற சட்டியில் காய்ச்சுங்கள். கொஞ்சம் புளிப்பாக வந்த பழத்துக்கு என் வீட்டில் உப்பும் மிளகாய்த்தூளும்தான், மாங்காய்க்குப் போடுகிற மாதிரி. பிள்ளைகள் முதலில் மாட்டேன் என்பார்கள், பிறகு கோப்பையை விடமாட்டார்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் சித்தி படங்கள் அனுப்புகிறார். யாழ்ப்பாணத்தில் சட்டியில் வளர்க்கலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

இலை வரும் பிள்ளை, பழம் காண்பது கடினம். பூக்கவும் இனிக்கவும் அதற்குக் குளிர் வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தோட்டங்கள் இருக்கின்றன. மழை குறைவான மாசி, பங்குனியில் ஒரு பயணம் போடுங்கள். ஆய விடுவார்களா என்று முன்னரே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.