பூனைகளின் சர்க்கரை நோய்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: மருத்துவமனையில் பார்த்தபோது என் பூனைக்கு ரத்தச் சர்க்கரை 280 இருந்தது. உடனே இன்சுலின் தொடங்க வேண்டுமா?

பதில்: அந்த ஓர் எண்ணை வைத்து முடிவு செய்ய இயலாது. கூண்டில் அடைத்துக் கொண்டுவரப்பட்டு, அறிமுகமில்லாத கைகளில் சிக்கும் பதற்றத்திலேயே, நோயில்லாத பூனைக்கும் சர்க்கரை 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். முந்தைய இரண்டு வார நிலையை ஏறக்குறைய உணர்த்தும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையையும், வீட்டில் பிடித்த சிறுநீரில் சர்க்கரை உள்ளதா என்பதையும் பார்த்தே நோயை உறுதிசெய்ய வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, தண்ணீர் அதிகம் குடிப்பது, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாவது ஆகியவை சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

கேள்வி: பின்னங்கால்களைக் குதிகால்வரை தரையில் பதித்து நடக்கிறது. மூட்டுவலியா?

பதில்: சர்க்கரை நோயுள்ள பூனையென்றால் முதலில் நரம்புப் பாதிப்பையே சந்தேகிப்பேன். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் மெல்லச் சீரடைய வாய்ப்புண்டு.

கேள்வி: மனிதர்களுக்கான இன்சுலின் சிரிஞ்சைப் பூனைக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: குப்பியையும் சிரிஞ்சையும் ஒப்பிடாமல் கூடாது. கால்நடைகளுக்கான சில இன்சுலின்களில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட்டும், மனிதர்களுக்கானவற்றில் பெரும்பாலும் 100 யூனிட்டும் இருக்கும். 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பூனையின் அளவோ பெரும்பாலும் ஓரிரு யூனிட்தான். ஊசி போட்ட இடத்தில் ரோமம் நனைந்திருந்து, மருந்து உள்ளே போனதா என்ற ஐயம் எழுந்தாலும் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை சர்க்கரை கூடுவதைவிட, அது திடீரென்று சரிவதே உயிருக்கு ஆபத்து. தள்ளாட்டமோ வலிப்போ கண்டால், கடிபடாமல் ஈறில் சிறிது சர்க்கரைப் பாகைத் தடவி, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: பூனை குண்டாக இருப்பதால் சில நாள் பட்டினி போடலாமா?

பதில்: கூடவே கூடாது. பருத்த பூனை சாப்பிடாமலிருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாற்றலாம்; ஆனால் அப்போது இன்சுலின் தேவை குறையும் என்பதால், மருத்துவரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள்.

கேள்வி: ஆயுள் முழுவதும் ஊசிதானா?

பதில்: கட்டாயமில்லை. நோயைத் தொடக்கத்திலேயே கண்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பூனைகள் பலவற்றுக்கு இன்சுலினை நிறுத்த முடிந்திருக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெக்சாகிளிஃப்ளோசின் மாத்திரையும் உண்டு; எனினும் ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்ட பூனைகளுக்கு அது உரியதன்று. ஊசியை நிறுத்திய பின்னும் நோய் திரும்பலாம் என்பதால், எடையையும் குடிக்கும் தண்ணீரின் அளவையும் தொடர்ந்து குறித்துவாருங்கள்.