விட்டுப்போன ஓவியத்தை மீண்டும் தொடுவது: வாசகர் கேள்விகளும் விடைகளும்

கேள்வி: பள்ளி நாட்களில் ஓவியப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான். திருமணத்துக்குப் பின் வேலை, பிள்ளைகள், மாமியாரின் நோய் என்று ஆண்டுகள் ஓடியதில் வரைவது அறவே நின்றுவிட்டது. என் பழைய கூட்டுக்காரி இப்போது வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டாள்; ஞாயிறு மாலைகளில் அவள் வீட்டில் சேர்ந்து வரையலாம் என்கிறாள். ஒரு நாள் போய் அமர்ந்தேன். ஒரு வாழைக்குலையைக்கூடச் சரியாக வரைய முடியவில்லை. என்னிடம் அந்த ஆசை செத்துப்போய்விட்டதா?
– வாசகி, தக்கலை

பதில்: இல்லை. ஆசை போயிருந்தால் வாழைக்குலை சரியாக வராததற்காக நீங்கள் இவ்வளவு வருந்தியிருக்கவும் மாட்டீர்கள், எங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கவும் மாட்டீர்கள். பயிற்சி விட்டுப்போன கை தயங்கத்தான் செய்யும். ஆனால் இத்தனை ஆண்டுகளும் உலகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த உங்கள் கண், பள்ளிக் காலத்தில் இருந்ததைவிட நுட்பம் பெற்றிருக்கிறது. அதனால்தான் அன்று கண்ணில் படாத குறையெல்லாம் இன்று படுகிறது. தொடர்ந்து வரைந்தால் சில மாதங்களில் கை தேறிவிடும் என்பதால் அதைப்பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. நீங்கள் வரைய அமரும்போது உங்களோடு வந்து அமர்ந்துகொள்ளும் அந்தப் பழைய பரிசுகளைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். நம் பள்ளிப் போட்டிகளில் பெரும்பாலும், கண்ட படத்தைக் கட்டம் போட்டு அப்படியே படியெடுப்பவருக்கே முதலிடம் கிடைத்துவந்தது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தோழியின் வீட்டுக்குப் போனால், ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்குத் தேர்வு நாளாகிவிடும்.

இரவீந்திரநாத் தாகூரின் வாழ்க்கையிலிருந்து ஒரு செய்தியைச் சொல்கிறேன். 1861-இல் பிறந்த அவர் ஓவியத்தில் முழுமனதோடு இறங்கியது அறுபது வயதைக் கடந்த பிறகுதான். கவிதை எழுதும்போது அடித்துத் திருத்திய வரிகளை ஒன்றோடொன்று இணைத்து, அவற்றைப் பறவைகளாகவும் இன்னதென்று தெரியாத விலங்குகளாகவும் மாற்றிக்கொண்டிருப்பது அவருடைய வழக்கம். 1924-இல் உடல்நலம் குன்றி அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது, அவரை உபசரித்த எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அந்தக் கையெழுத்துப் படிகளைப் பார்த்து வியந்தார். 1930 மே மாதம் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடப்பதற்கு ஏற்பாடு செய்தவரும் அதே தோழிதான். மறையும்போது அந்தக் கவிஞர் 2,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களை விட்டுச்சென்றார். பிறர் பிழைத்திருத்தம் என்று கடந்துபோயிருக்கக்கூடிய கிறுக்கல்களைப் படம் என்று ஒருவர் கண்டுகொண்டதும், அவர் நண்பராகவும் அமைந்ததும் தாகூருக்குக் கிடைத்த பேறு. உங்கள் தோழியிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதும் அத்தகைய பார்வையைத்தான். பாராட்டையோ மதிப்பெண்ணையோ அல்ல.

ஆகவே முதல் சில வாரங்களுக்கு, சரி தவறு என்று எவரும் சொல்ல முடியாதவற்றை மட்டும் செய்யுங்கள். 1925 வாக்கில் பாரிஸின் சர்ரியலிசக் கலைஞர்கள், அதாவது கனவையும் தற்செயலையும் கலையாக்க முயன்றவர்கள், கூடி விளையாடிய ஒரு முறை இதற்கு மிகவும் பொருந்தும். ஒரு தாளை மூன்றாக மடித்து, முதல் மடிப்பில் நீங்கள் ஒரு தலையை வரைந்து, கழுத்துக் கோடுகளின் நுனி மட்டும் அடுத்த மடிப்பில் தெரியும்படி மறைத்துத் தோழியிடம் கொடுங்கள். அவர் உடலை வரைந்து அவ்வாறே மறைத்துத் தரட்டும். கால்களை நீங்கள் வரையுங்கள். பிரித்துப் பார்க்கும்போது இருவரில் எவரும் தனியாக எண்ணிப்பார்த்திருக்க முடியாத ஓர் உருவம் அங்கே இருக்கும். அது யாருடைய படம் என்ற கேள்வியே எழாது என்பதால், நன்றாக வரவில்லையே என்ற கூச்சமும் எழாது.

தக்கலையில் இருப்பவர்களுக்குப் பத்மநாபபுரம் அரண்மனையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் செதுக்கப்பட்டுள்ள 90 பூக்களும் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஆளுக்கு ஒரு பூவைத் தேர்ந்துகொண்டு, அங்கேயே வரைந்து முடிக்காமல், நன்றாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள். நினைவு தவறும் இடத்தில் உங்கள் கற்பனை தானாக நுழையும். படியெடுத்தே பழகிய கைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு நானும் நண்பர் ஒருவரும் ஓவியத்தில் இறங்கியிருக்கிறோம். கடையில் வாங்கும் வண்ணங்களை மட்டும் நம்பியிராமல் நம் மாவட்டத்தில் கிடைக்கும் பொருள்களை வைத்து எதையாவது செய்துபார்க்க விரும்புகிறோம். வழி உண்டா?
– வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் ஊரைவிட இதற்கு வாய்ப்பான ஊர் அரிது. நீர்வண்ண ஓவியர்கள் தாளின் வெண்மையைக் காப்பாற்ற வேண்டிய இடங்களில் பூசும் திரவம், பெரும்பாலும் அம்மோனியா கலந்த ரப்பர் பால்தான். உங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் காலையில் வெட்டியெடுக்கும் பாலில் சிறிதளவைக் கேட்டு வாங்கி, உறைவதற்குள் ஓர் ஈர்க்குச்சியால் கெட்டியான தாளில் கோடுகளாக இழுத்து, நன்றாகக் காய்ந்தபின் மேலே வண்ணம் பூசுங்கள். வண்ணமும் உலர்ந்த பிறகு விரலால் தேய்த்தால் ரப்பர் சுருண்டு உரிந்துவரும். அடியில் வெள்ளைக் கோடு நிற்கும். நல்ல தூரிகையைப் பாலில் தோய்த்துவிடாதீர்கள், மயிர் ஒட்டிக்கொண்டு பாழாகிவிடும். ரப்பர் பால் பட்டால் தோல் தடிப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

வண்ணத்துக்குச் செம்மண் இருக்கிறது. மண்ணை நீரில் கலக்கி, பருமணல் அடியில் இறங்கும்வரை சிறிது பொறுத்து, மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் தெளிந்த நீரை இறுத்துவிட்டால் எஞ்சும் மெல்லிய வண்டலே உங்கள் வண்ணம். வேப்பம்பிசினை நீரில் ஊறவைத்துத் துணியில் வடித்து இதனோடு குழைத்தால் தாளில் பற்றிக்கொள்ளும். பழைய திருவிதாங்கூர் நிலத்தின் சுவரோவியங்களிலும் சிவப்பும் மஞ்சளும் மண்ணிலிருந்து வந்தவை. கறுப்பு விளக்குப் புகையிலிருந்து எடுத்த கரி. பச்சை அவுரி இலையிலிருந்து கிடைத்த நீலத்தோடு மஞ்சள் நிறப் பிசினைச் சேர்த்துச் செய்தது. உங்களுக்கு அருகிலேயே உள்ள திருநந்திக்கரைக் குடைவரைக்கு நண்பரோடு ஒருமுறை சென்று, பெரிதும் அழிந்துபோன அந்தப் பழைய ஓவியங்களின் எஞ்சிய தடங்களைப் பொறுமையாகப் பாருங்கள். மண்ணைக் குழைத்துப் பழகிய பிறகு அந்தச் சுவர் உங்களுக்கு வேறுவிதமாகத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கரிய மணலின் அழகைக் கண்டு அதை அள்ளிவந்து பொடிக்க வேண்டாம். அதில் தோரியம் கொண்ட மோனசைட் கனிமமும் கலந்திருப்பதால், அதன் தூசி மூச்சில் போவது நல்லதல்ல.

கேள்வி: நானும் என் சிநேகிதனும் ஒன்றாகத்தான் வரையத் தொடங்கினோம். இப்போது அவன் என்னைவிட மிக நன்றாக வரைகிறான். அவனருகில் அமரவே மனம் கூசுகிறது. தனியாக வரைவது நல்லதா?
– கல்லூரி மாணவர், குளச்சல்

பதில்: தனியாகவும் வரையுங்கள், ஆனால் அவரை விட்டுவிடாதீர்கள். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் ஓவியர்களும் சிற்பிகளும் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சேர்ந்து நிலம் வாங்கி, சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பத்திக் துணிகளும் (மெழுகு பூசிச் சாயமேற்றியவை) கைவினைப் பொருள்களும் செய்து விற்று அன்றாடச் செலவைப் பார்த்துக்கொண்டு, தங்கள் கலையைத் தடையின்றித் தொடர்ந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே பாணியில் இயங்கவில்லை. ஒருவர் எழுத்துருக்களையும் குறியீடுகளையும் ஓவியமாக்கினார், இன்னொருவர் உலோகத் தகட்டைத் தட்டி உருவம் எடுத்தார். அருகருகே வாழ்ந்தும் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு வழியைத் தேடிக்கொண்டதால்தான் அந்தக் கிராமம் நிலைத்தது.

நீங்களும் உங்கள் நண்பரும் ஒரே தாளில் ஒரே பென்சிலால் ஒரே வள்ளத்தை வரையும்வரை ஒப்பீடு ஓயாது. அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது அவர் பென்சிலால் வரையட்டும்; நீங்கள் பழைய நாளிதழையும் வண்ணத்தாளையும் கிழித்து ஒட்டி அதே வள்ளத்தை உருவாக்குங்கள். வலைகளின் பின்னலைத் தாளின் கிழிசல் விளிம்பில் கொண்டுவர முடிகிறதா என்று பாருங்கள். அதில் ஐயம் எழுந்தால் அவரிடமே கேளுங்கள். நன்றாக வரைபவர் அருகில் இருப்பதன் பயன் அதுதான்.