அயர்லாந்தும் வெள்ளவத்தையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலத்தில் சிறப்புப் பட்டம் முடித்துத் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். ஐரிஷ் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜோய்ஸையும் இலங்கையின் பின்காலனிய (காலனி ஆட்சிக்குப் பிந்திய) நாவல்களையும் ஒப்பிட்டுக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய விருப்பம். ஒண்டாச்சி, ஷியாம் செல்வதுரை, ஷெஹான் கருணாதிலக்க மூவரையும் எடுத்திருக்கிறேன். தமிழ் நாவல் வாசிக்க எனக்கு நேரம் போகிறது, ஆங்கிலம்தான் ஓடுகிறது. "இதைப் படித்து என்ன உத்தியோகம்?" என்கிறார் அம்மா. ஒரு கூட்டத்தில் கவிஞர் ஒருவர், "தமிழ்ப் பிள்ளை வெள்ளைக்காரனுக்கு ஊழியம் செய்யப் போகிறதோ?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். இரவு முழுக்க அழுதேன். நான் செய்வது துரோகமா? இங்கிலாந்துக்குப் போவதா, அயர்லாந்துக்குப் போவதா?

கா., வெள்ளவத்தை

அன்புள்ள பிள்ளைக்கு,

கவிஞரை விடும். ஒலிவாங்கி கைக்கு வந்தால் அவர்களுக்கு யாரையாவது துரோகியாக்க வேண்டும். அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. எந்த நாடு என்பதை உதவித்தொகை தீர்மானிக்கட்டும். அந்த மனிதருக்காக ஓர் இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டீரே, அதுதான் எனக்கு வருத்தம்.

உம்முடைய கடிதம் வந்தபோது நான் ஜோர்ஜ் தொம்சனை நினைத்துக்கொண்டிருந்தேன். டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தையில் ஒரு பழைய புத்தகக் கடையில், அவரும் சேர்ந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பிளாஸ்கெட் தீவுச் சுயசரிதை கிடைத்திருந்தது. முதுகு கிழிந்து தையல் நூல் தொங்கியது. யாரோ நீல மையால் கோடிட்டிருந்தார்கள், கடலுக்குப் போகும் பக்கங்களில் மட்டும்.

தொம்சன் லண்டன்காரர், கிரேக்க அறிஞர். 1923 இல் அயர்லாந்தின் மேற்குக் கரையோரத்து அந்தத் தீவுக்குப் போனவர், மீனவர்களோடு பேசிப் பேசியே ஐரிஷில் தேர்ந்தார். அங்கே சிநேகிதனான மொரிஸ் ஓ சுலிவனைத் தன் கதையை எழுத வைத்தார். 1933 இல் அது ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. கோல்வேயில் கிரேக்கத்தை ஐரிஷ் மொழியிலேயே கற்பித்தவர், பிறகு பேர்மிங்ஹாமில் பேராசிரியரானார். அங்கே அவரிடம் படிக்கப் போனவர்கள் யார் தெரியுமா? நம்முடைய தமிழ் விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும்! கொழும்பில் தினகரன் நாளிதழின் ஆசிரியராக இருந்த கைலாசபதி, பேர்மிங்ஹாமில் உட்கார்ந்து ஆராய்ந்தது சங்க வீரப்பாடல்களை. 1968 இல் ஒக்ஸ்போர்ட் அதை நூலாக்கியது. இது துரோகமா என்று கேட்டு அவர் யாருக்காவது கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி உம்மை ஏச வேண்டும்.

இலங்கையின் பின்காலனிய நாவல்கள் என்கிறீர். மூவரும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். நல்ல எழுத்தாளர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தமிழில் எழுதிய கே. டானியல் எங்கே? வெள்ளைக்காரன் போய் 20 ஆண்டு கழித்து, 1968 இல், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் நம்மவர்களே நம்மவர்களைச் சாதி சொல்லி உள்ளே விடாமல் மறித்து நின்றார்கள். யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையையும் அதற்கு எதிரான போராட்டத்தையும் டானியல் 1972 இல் 'பஞ்சமர்' நாவலாக்கினார். அது பின்காலனியம் இல்லையென்றால் வேறு எது? மேற்பார்வையாளர் டானியல் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார் என்று பயமா? நீர் சொல்லி அவர் கேள்விப்படட்டும். அதற்குத்தானே கலாநிதிப் பட்டம் தருகிறார்கள்! சிங்களத்துக்கும் இதையேதான் சொல்வேன். மார்ட்டின் விக்கிரமசிங்கவைத் தொடாமல் இலங்கை நாவல் என்று தலைப்பிட உமக்கு எப்படி மனம் வந்தது?

நேரம் போகிறதாம்! லண்டன்காரர் ஒருவர் அந்நிய மொழியை மீனவர் அடுப்படியில் குந்தியிருந்து படித்தார். நீர் வீட்டில் அம்மாவோடு சண்டை போடும் மொழி இது. ஆறு மாதம் மெதுவாக வாசியும், யாரும் துரத்தவில்லை. 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை இலக்கியச் சஞ்சிகையின் இதழ்கள் 'நூலகம்' இணையத்தளத்தில் இருக்கின்றன, காசும் கேட்கமாட்டார்கள். ஜோய்ஸை விடச் சொல்லவில்லை. ஜோய்ஸுக்குப் பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறீர் என்பதுதான் என் வழக்கு.

பிளாஸ்கெட் புத்தகம் வேண்டுமென்றால் இரவல் தருகிறேன். வரும்போது 'பஞ்சமர்' வாசித்துவிட்டு வாரும். வாசலில் வைத்தே இரண்டு கேள்வி கேட்பேன்.