வாசகர் கேள்வி – பதில்: சூசெட் ஹேடன் எல்ஜின்

அறிபுனைக் (அறிவியல் புனைவு) கவிதை பற்றிய குறிப்பொன்றில் எல்ஜினின் பெயரைக் கண்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

எல்ஜினை ஒரு இடத்தில் நாவலாசிரியர் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் கவிஞர், மற்றொன்றில் மொழியியல் பேராசிரியர். எது சரி? (கும்பகோணம்)

மூன்றும். 1936 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ஜெபர்சன் சிட்டியில் பிறந்தவர். ஐந்து குழந்தைகளுக்குத் தாய். சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்கும்போது கட்டணம் கட்டப் பணம் தேவைப்பட்டது. அதற்காகத்தான் அறிபுனைக் கதை எழுதத் தொடங்கினார். அங்கே ஆங்கிலம் பற்றி ஒன்று, அமெரிக்கப் பழங்குடியினரின் நவஹோ மொழி பற்றி ஒன்று என இரண்டு ஆய்வேடுகள் எழுதினார். சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, 1980இல் ஓய்வு பெற்று ஆர்கன்சாவின் ஓசார்க் மலைப்பகுதிக்குப் போய்விட்டார். 2015 ஜனவரி 27இல் காலமானார்.

கவிதை அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு 1969இல் வந்த 'ஃபார் த சேக் ஆஃப் கிரேஸ்' என்ற சிறுகதையே சாட்சி. அந்தக் கிரகத்தில் கவிஞர் பதவிதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. பெண்ணும் அதற்குத் தேர்வு எழுதலாம். ஆனால் தோற்றால் ஆயுள் முழுக்கத் தனிமைச் சிறை. எழுத வருகிறாள் ஒரு சிறுமி. அந்தக் கதையைப் பிறகு விரித்து 1972இல் 'அட் த செவன்த் லெவல்' என்று நாவலாக்கினார். அறிபுனைக் கவிதைச் சங்கத்தை 1978இல் நிறுவியவரும் அவரே.

'நேட்டிவ் டங்' நாவலைப் பெண்ணிய நாவல் என்று சொன்னார்கள். எடுத்துப் பார்த்தால் வேற்றுக்கிரகவாசிகளும் கைக்குழந்தைகளுமாக இருக்கிறது. எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது? (திருநெல்வேலி)

குழந்தைகளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நாவல் வெளியானது 1984இல். கதைப்படி 1991இல் அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை பறிக்கப்படுகிறது. கதை நடப்பதோ அதற்கு இருநூறு ஆண்டு தள்ளி. பூமியின் வியாபாரம் முழுக்க வேற்றுக்கிரகங்களோடு. பேச்சுவார்த்தைக்கு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். அவர்களைத் தருபவை 13 மொழியியல் குடும்பங்கள். கைக்குழந்தையை ஒரு தடுப்புக்கு இந்தப் பக்கமும், வேற்றுக்கிரகவாசியை அந்தப் பக்கமும் வாழவிட்டால், குழந்தை அந்த மொழியைத் தாய்மொழியாகவே பிடித்துக்கொள்ளும். அந்தக் கூடத்துக்கு 'இன்டர்ஃபேஸ்' என்று பெயர்.

மனித உருவுக்கு ஓரளவு நெருங்கிய உயிர்கள் என்றால் சரி. அரசாங்கம் பேராசைப்பட்டு, உருவமே வேறான உயிர்களோடு குழந்தைகளை வைத்துப் பார்க்கிறது; குழந்தைகள் கோரமாக இறக்கின்றன. எல்ஜின் தரும் காரணத்தைக் கவனியுங்கள்: மொழி என்பது வெறும் சொற்களல்ல, உலகைப் பார்க்கும் ஒரு முறை, மனித மூளை பார்க்கவே முடியாத ஒன்றைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்தினால் அது தாங்காது.

இதே கருத்தைத்தான் கதையின் பெண்கள் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். பிள்ளை பெறும் வயது கடந்தவர்களை ஒதுக்கி வைக்கும் 'மலட்டு வீட்டில்' அவர்கள் ரகசியமாக ஒரு மொழி செய்கிறார்கள். ஆண்கள் கண்ணில் படுவதற்கென்றே 'லாங்லிஷ்' என்று உதவாக்கரை மொழி ஒன்றுக்குக் குழு கூட்டிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஆண்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். பின்கட்டில் வளர்வதுதான் லாஅடன்.

குறையும் உண்டு. ஆண் பாத்திரங்கள் எல்லோரும் ஒரே அச்சு. இரண்டாம் பாகம் 'த ஜூடஸ் ரோஸ்' (1987) பரவாயில்லை. மூன்றாவதான 'எர்த்சாங்' (1994) நூலில் மனிதர்கள் உணவுக்குப் பதில் இசையைக் கேட்டே உயிர்வாழக் கற்கிறார்கள். முதல் பாகத்தின் கறார்த்தனத்துக்குப் பழகியவர்களுக்கு அது தொண்டையில் நிற்கும். முதல் பாகத்தோடு நிறுத்தினாலும் நட்டமில்லை.

லாஅடன் நிஜமாகவே பேசக்கூடிய மொழியா? இலக்கணம் எப்படி? (யாழ்ப்பாணம்)

பேசலாம். 1982 ஜூன் 28 அன்று எல்ஜின் வேலையைத் தொடங்கினார். அந்த ஆண்டு விஸ்கான்சினில் நடக்கும் 'விஸ்கான்' என்ற பெண்ணிய அறிபுனை மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். அதற்கு உரை தயாரிக்கும்போதுதான் கேள்வி எழுந்தது. இருக்கும் மொழிகளில் பெண்களின் அனுபவத்தைச் சொல்ல இடமில்லை என்றால், இடமுள்ள மொழி எப்படியிருக்கும்? இலக்கணமும் அகராதியும் 1985இல் நூலாக வந்தன, 1988இல் இரண்டாம் பதிப்பு.

உயிர் ஐந்து: அ, எ, இ, ஒ, உ. குறியிட்ட உயிரை உயர்ந்த சுருதியில் சொல்ல வேண்டும். இங்கே நாம் அளபெடை போல எழுதிக் காட்டுகிறோம். தமிழ் வாசகருக்கு அதுவே கைவந்தது. (பகரம் வரும் இடமெல்லாம் 'பந்து' அல்ல, 'பஸ்' என்பதில் வரும் ஒலி.)

வாக்கியம் மூன்று அடுக்கு. முதலில், பேசுவது எதற்கு என்று அறிவிக்கும் சொல்: 'பீஇ' என்றால் தகவல் சொல்கிறேன், 'பாஅ' என்றால் கேட்கிறேன், 'போஒ' வேண்டுகோள், 'பெ' வாக்குறுதி, 'பேஎ' எச்சரிக்கை. கட்டளைக்கு 'பொ' உண்டு, ஆனால் குழந்தைகளிடம் தவிர அரிது. அடுத்து வினை, அதன் பின் எழுவாய். கடைசியில், சொல்வதற்கு ஆதாரம் என்ன என்பதைக் காட்டும் சொல். 'பீஇ ஆய மஹின வ': பூ அழகாயிருக்கிறது, நானே உணர்ந்து சொல்கிறேன்.

அந்தக் கடைசிச் சொல்தான் மொழியின் உயிர்நாடி. 'வ' நேரடியாக உணர்ந்தது. 'வி' யாருக்கும் வெளிப்படை. 'வெ' கனவில் கண்டது. 'வொ' கற்பனை. 'வாஅ' இன்னொருவர் சொன்னது, அவரை நம்புகிறேன். 'வஆ' இன்னொருவர் சொன்னது, அவரை நம்பவில்லை. 'வோஒ' எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நம் 'ஆம்' நினைவுக்கு வந்திருக்கும். 'மழை பெய்ததாம்' என்றால் கேள்விப்பட்ட செய்தி. 'மழை பெய்திருக்கு' என்றால் ஈரத் தரையைப் பார்த்து ஊகம். ஆனால் தமிழில் சொன்னவரை நம்புகிறோமா இல்லையா என்பது குரலில்தான் தெரியும். எழுத்தில் 'அவர் ரொம்ப நல்லவராம்' என்பதை எப்படியும் படிக்கலாம். லாஅடனில் ஒளிய வழியில்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கற்பவர்கள் வழுக்குவதும் இங்கேதான்: 'வாஅ', 'வஆ' இரண்டுக்கும் சுருதி எந்த உயிரில் ஏறுகிறது என்பது மட்டுமே வேறுபாடு. இடம் மாறினால் நம்பிக்கை அவநம்பிக்கையாகிவிடும்.

சொற்களில் சில: 'லவிட' கர்ப்பமாயிருத்தல், 'லோட' சலிப்போடு கர்ப்பமாயிருத்தல், 'விடஷட்' நிறைமாதத்தில் எப்போது முடியுமோ என்றிருத்தல். 'அட்' என்பது மதிப்பு உண்டு, பிடிக்காது என்ற நிலையில் வைக்கும் அன்பு, 'அப்' நேர்மாறு. 'ர' எதிர்மறை முன்னொட்டு. 'ரடீஇடின்' என்றால் பெயருக்குத்தான் பண்டிகை. வேலையும் விருந்தாளிகளும் குவிந்து, உதவிக்கு ஆளில்லாமல், வருகிறதே என்று பயப்பட வைக்கும் நாள். தீபாவளிக்கு முந்தின இரவு அடுப்படியில் நிற்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அப்படியானால் அது ஏன் பரவவில்லை? (கோயம்புத்தூர்)

எல்ஜினே பத்து ஆண்டு கெடு வைத்திருந்தார். பெண்கள் இதை எடுத்துக்கொள்வார்கள், அல்லது இது போதாது என்று தாங்களே நல்லதொன்றைச் செய்வார்கள் என்பது அவர் ஊகம். இரண்டும் நடக்கவில்லை, சோதனை தோற்றது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 'ஸ்டார் ட்ரெக்' கதைகளில் வரும் போர்வெறி பிடித்த வேற்றுக்கிரகத்தாருக்காகச் செய்த கிளிங்கன் மொழி செழிக்கிறதே என்றும் சுட்டிக்காட்டினார்.

எங்கள் பார்வையில் காரணம் எளிது. கிளிங்கனுக்குத் தொலைக்காட்சியும் திரைப்படமும் இருந்தன, காதால் கேட்டார்கள். லாஅடன் நாவலுக்குள்ளேயே ஒளிந்து வளரும் மொழி. நாவலைப் படித்தவர் அதைக் கேட்பதில்லை, அது இருக்கிறது என்று மட்டும் அறிகிறார்.

அறிபுனைக் கவிதை எழுதிப் பார்க்கிறேன். 'உன் கண்கள் இரு கருந்துளைகள்' போன்றவை சேருமா? விருது உண்டாமே? (மதுரை)

சேராது, அது காதல் கவிதை, விண்வெளியிலிருந்து உவமை கடன் வாங்கியிருக்கிறது. இப்போதிருக்கும் உலகிலிருந்து ஏதோ ஒரு வகையில் மாறுபட்ட உலகைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது எல்ஜின் வைத்த வரையறை. அறிவியலும் வேண்டும், கதையும் வேண்டும்.

செய்து பார்க்க ஒரு வழி. ஒரே ஒரு அனுமானத்தை எடுங்கள்: செவ்வாயில் பிறந்து வளர்ந்த பெண் முதன்முதலாகப் பாட்டி வீட்டுக்கு வருகிறாள். செவ்வாயில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான். ஆகவே இங்கே அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. இந்தக் கணக்கைக் கவிதையில் எழுதாதீர்கள். பாட்டி நீட்டும் தண்ணீர்ச் செம்பை வாங்கக் கை தாழ்வதை எழுதுங்கள். பிறகு அறிவியலை நீக்கிப் படியுங்கள். கவிதை அப்படியே நின்றால் அறிவியல் ஒட்டுவேலை. சரிந்தால் சரியாக அமைந்திருக்கிறது. பெரும்பாலும் கெடுவது விளக்கத்தால்: 'கி.பி. 2300இல்' என்று தொடங்கி, பாதிக் கவிதை முன்னுரையாகவே போய்விடும். அதைத் தலைப்பில் ஏற்றுங்கள்.

எல்ஜின் நிறுவிய அறிபுனைக் கவிதைச் சங்கம் தரும் ரைஸ்லிங் விருது 1978 முதல் உள்ளது. அறிபுனை எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைனின் கதையொன்றில் வரும் கண் தெரியாத விண்வெளிப் பாடகன் பெயர் அது. 50 வரிக்குக் குறைந்தால் குறுங்கவிதை, அதற்கு மேல் நெடுங்கவிதை. பத்து வரிக்குள் அடங்குபவற்றுக்கு 'ட்வார்ஃப் ஸ்டார்ஸ்' என்று தனி விருது. தலைப்பும் பத்தி இடைவெளியும் வரிக்கணக்கில் வராது. தொகுப்பு நூல்களுக்கு 2013 முதல் எல்ஜின் பெயரிலேயே விருது இருக்கிறது.

'த ஜென்டில் ஆர்ட் ஆஃப் வெர்பல் செல்ஃப்-டிஃபென்ஸ்' அவர் எழுதியதுதானா? பயன்படுமா? (திருச்சி)

அவர்தான். குத்தலான பேச்சிலிருந்து தற்காத்துக்கொள்வது பற்றிய அந்த நூல் 1980இல் வந்தது. நாவல்களைவிட அதிகம் பேர் கையில் போய்ச் சேர்ந்ததும் இதன் வரிசைதான். சாரம் இது: குத்தலான பேச்சில் ஒரு தூண்டிலும், ஒளித்து வைத்த ஒரு குற்றச்சாட்டும் இருக்கும். நாம் தூண்டிலைக் கடித்து மாட்டிக்கொள்கிறோம்.

'உனக்கு *உண்மையிலேயே* என் மேல் அக்கறை இருந்தா, ராத்திரி பத்து மணிக்கா வீட்டுக்கு வருவே?' தூண்டில் பத்து மணி. பஸ் கிடைக்கவில்லை, ஆபீஸில் வேலை என்று ஆரம்பித்தால் சண்டை நள்ளிரவு வரை போகும். குற்றச்சாட்டு 'உனக்கு அக்கறை இல்லை' என்பது. அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல்: 'எனக்கு அக்கறை இல்லைன்னு எப்போதிலிருந்து உங்களுக்குத் தோணுது?'

ஆங்கிலத்தில் குத்தலை அழுத்தம் தாங்குகிறது. தமிழில் பெரும்பாலும் 'ஏ', 'கூட', 'தானே' தாங்கும். 'நீ*கூட* இதைச் சொல்றியா' என்பதில் அந்த ஒற்றைச் சொல்லைத் தேடிப் பிடித்தால் குற்றச்சாட்டு எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இந்தப் பதிலைக் கிண்டல் தொனியில் சொன்னால் அதுவே புதுத் தூண்டிலாகிவிடும், நிஜமாகவே பதில் கேட்கத் தயாராக இல்லாதபோது கேட்க வேண்டாம்.