அண்ணன் விற்கச் சொல்கிறார், திண்ணை வீட்டைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: புதுச்சேரி தமிழ்ப் பகுதியில் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பழைய திண்ணை வீடு. பெற்றோர் இருவரும் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார்கள். வாரிசுகள் நானும் அண்ணனும்தான். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகும் பில்டருக்கு விற்கலாம் என்கிறார் அண்ணன். பழுது பார்த்து விருந்தினர் விடுதி நடத்த எனக்கு ஆசை. மறுத்தால் கோர்ட்டுக்குப் போவாராம்.

பதில்: போகட்டும், பயப்படாதீர்கள். பாதி வீடு உங்களுடையது. நீங்கள் கையெழுத்துப் போடாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. இடிக்க ஆள் வந்தால் தடையுத்தரவு வாங்கலாம். தன் பங்கை மட்டும் வெளியாளுக்கு விற்கப் பார்த்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 22ஆம் பிரிவின்படி வாங்கும் முன்னுரிமை உங்களுக்கு. (பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பம் என்றால் கணக்கே வேறு, அதை முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.)

முக்கியமானது பாகப்பிரிவினை வழக்கு. முற்றம் வைத்த வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரிப்பது சரிவராது. அப்போது விற்றுப் பணத்தைப் பிரிக்கும்படி, பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர் 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் கேட்கலாம். அண்ணன் அதைக் கேட்டதும், அவர் பங்கை மதிப்பீட்டு விலைக்கு நானே வாங்குகிறேன் என்று 3ஆம் பிரிவில் மனுப் போடுங்கள். நீதிமன்றம் விலையை மதிப்பிட்டு உங்களுக்கே தர வேண்டும். அவசரப்பட்டு விற்பனையை நீங்கள் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அந்த உரிமை அண்ணன் கைக்குப் போய்விடும்.

அப்புறம் விலை. பில்டர் சொல்லும் தொகை, இடிக்க அனுமதி கிடைக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா, எந்தத் தரத்தில் என்று புதுச்சேரி நகரமைப்புக் குழுமத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் இருந்தால் இடிக்கும் அனுமதி லேசில் கிடைக்காது. மதிப்பீட்டாளர் முன் அந்தக் கடிதத்தை வைத்தால் விலை நியாயத்துக்கு வரும்.

உங்கள் ஆசை வீண் ஆசை இல்லை. உங்கள் ஊர் வைசியாள் வீதியில் வரிசையாகத் திண்ணைகளையும் முகப்புகளையும் சீரமைத்தார்கள், 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஒரு வீடு போனால் அந்த வரிசையே உடைகிறது, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். பழுது பார்க்கும் முன் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளையில் யோசனை கேளுங்கள். விடுதியாக மாற்ற, பயன்பாட்டு மாற்ற அனுமதி தனியாக வேண்டும்.

பணத்துக்கு இப்போதே வங்கியில் பேசி வையுங்கள். மதிப்பீடு முடிந்தபின் பணம் கட்ட நீதிமன்றம் நீண்ட அவகாசம் தராது.