ஏ2 மாடு என்று திமிலைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

கேள்வி: மாதவரம் பக்கத்தில் மாத்தூரில் வீட்டோடு கொட்டகை போட்டு மூன்று கலப்பின ஜெர்சி மாடுகளும் ஒரு எருமையும் வைத்திருக்கிறேன். மாடு ஒன்று நாளைக்கு 8 லிட்டர் கறக்கிறது. லிட்டர் 60 ரூபாய் என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஊற்றுகிறேன். புதிதாகக் குடிவந்த அடுக்குமாடிக்காரர்கள் "ஏ2 பால் இருக்கா?" என்று கேட்கிறார்கள். தரகர் ஒருவர், "உன் மாடெல்லாம் ஏ1, அதில் திமில் எங்கே இருக்கு? இரண்டு மாட்டைக் கொடுத்துட்டு மேலே 30,000 ரூபாய் போடு, டிஎன்ஏ சர்டிபிகேட்டோடு ஒரு நாட்டு மாடு தரேன், நாலு லிட்டர் கறக்கும்" என்கிறார். மாற்றலாமா? இந்த டிஎன்ஏ டெஸ்ட்டை எங்களைப் போன்றவர்கள் செய்ய முடியுமா?

பதில்: அம்மா, மாட்டைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். கறந்துகொண்டிருக்கும் இரண்டு மாடுகளை ஒரு காகிதத்தை நம்பி ஓட்டிவிட்டால் திரும்பி வராது.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு மாடும் சேர்ந்து 16 லிட்டர், நாளைக்கு 960 ரூபாய். தரகர் சொல்லும் மாடு நாலு லிட்டர்தான். அதை இரண்டு மடங்கு விலைக்கு, 120 ரூபாய்க்கு விற்றாலும் 480 ரூபாய்தான் வரும். தீவனச் செலவு குறையும் என்பது உண்மை. ஆனாலும் பாதி வருமானம் போகிறது, கையிலிருந்து 30,000 ரூபாயும் போகிறது. அந்த நாலு லிட்டரும் தரகர் வாயால் சொன்னது, நீங்கள் கறந்து பார்த்தது இல்லை.

சரி, ஏ1, ஏ2 என்றால் என்ன? பாலில் இருக்கும் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு பீட்டா கேசின் என்ற புரதம். 209 அமினோ அமிலங்களை மாலை மாதிரி வரிசையாகக் கோத்தது அது. அந்த மாலையில் 67வது மணி புரோலினாக இருந்தால் ஏ2, ஹிஸ்டிடினாக இருந்தால் ஏ1. பாலின் கொழுப்பு, சர்க்கரை, சுண்ணாம்புச் சத்து எதுவும் இதனால் மாறுவதில்லை. அந்த மணியை எதுவாகக் கோக்க வேண்டும் என்று மாட்டின் டிஎன்ஏவில் மூன்று எழுத்தில் எழுதியிருக்கிறது. சிசிடி என்று இருந்தால் புரோலின், சிஏடி என்று இருந்தால் ஹிஸ்டிடின். நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். மாட்டின் டிஎன்ஏவில் மொத்தம் ஏறத்தாழ 270 கோடி எழுத்துகள். அவற்றில் ஒன்றைத் தேடிப் படிப்பதுதான் இந்த டெஸ்ட்.

இதிலிருந்தே தரகர் பேச்சு எங்கே தப்புகிறது என்று தெரிந்துவிடும். பீட்டா கேசின் மரபணு மாட்டின் 6வது குரோமோசோமில் இருக்கிறது. திமில், தொங்கும் காது, நெற்றிப் புடைப்பு, தோல் நிறம் இவற்றையெல்லாம் தீர்மானிக்கிற மரபணுக்கள் பல, அவை பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. கலப்பு ஏறிய மாட்டில் ஒவ்வொன்றும் தன் போக்கில் கன்றுக்குப் போகும். திமில் உள்ள கலப்பின மாடு ஏ1 ஆக இருக்கலாம், உங்கள் திமிலில்லாத ஜெர்சிக் கலப்பு ஏ2 ஆகவும் இருக்கலாம். நெற்றி புடைத்துக் காது சுருண்டு தொங்கினால் குஜராத்தின் கிர் இன மாட்டு ரத்தம் ஓடுகிறது என்பது வரை சொல்லலாம். எத்தனை பங்கு என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. கலப்பில்லாத நம் நாட்டு மாடுகள் பெரும்பாலும் ஏ2தான். கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபு வள நிறுவனத்தின் ஆய்வில் 15 நாட்டு இனங்களைச் சோதித்ததில் ஏ2 வகை 98 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஆனால் சந்தையில் நிற்கும் மாடு கலப்பில்லாததுதானா என்பதே முதல் கேள்வியாயிற்றே.

அதே ஆய்வில் எருமைகளையும் பார்த்தார்கள், அத்தனையும் ஏ2. அம்மா, உங்கள் கொட்டகையில் ஏ2 பால் ஏற்கனவே இருக்கிறது, உங்கள் எருமைதான் அது. தரகர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அப்புறம் மாடுகளுக்கு வருவோம். ஒவ்வொரு மாட்டுக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஆகவே மாட்டில் மூன்று விதம்: ஏ1ஏ1, ஏ1ஏ2, ஏ2ஏ2. நடுவில் உள்ளது இரண்டு வகைப் புரதத்தையும் பாலில் தரும். ஏ2 பால் என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமானால் மாடு ஏ2ஏ2 ஆக இருக்க வேண்டும். ஆகவே சர்டிபிகேட்டில் "ஏ2" என்று ஒற்றையாகப் போட்டிருந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தரகரிடம் அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள். முடிவு ஏ2ஏ2 என்று இரட்டையாக இருக்கிறதா? மாட்டின் காதில் உள்ள வில்லையின் 12 இலக்க எண் காகிதத்தில் இருக்கிறதா? எண் இல்லாத காகிதத்தை எந்த மாட்டோடும் ஓட்டலாம். சென்ற ஆண்டு கொடுங்கையூரில் ஒருவர் எனக்குக் காட்டிய சர்டிபிகேட்டில் "வெள்ளை மாடு, வயது 4" என்று மட்டும்தான் இருந்தது. அவர் அந்த மாட்டை வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

டெஸ்ட்டை நீங்கள் தாராளமாகச் செய்யலாம். ரத்தம் எடுப்பதாக இருந்தால் கால்நடை மருத்துவர் கழுத்து நரம்பில் எடுத்து, உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாயில் விடுவார். குழாயை மெதுவாகத் தலைகீழாகப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. ஐஸ் டப்பாவில் வைத்து அனுப்ப வேண்டும், உறைய விடக் கூடாது. ரத்தச் சிவப்பணுவில் மாட்டுக்கு டிஎன்ஏ கிடையாது, வெள்ளையணுவிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதனால்தான் சில மில்லி ரத்தம் கேட்கிறார்கள். கோழிக்குச் சிவப்பணுவிலேயே டிஎன்ஏ இருக்கிறது, அதற்கு ஒரு சொட்டு போதும்.

வால் முடி இன்னும் சுலபம், ஆய்வுக்கூடம் அதை ஏற்றுக்கொள்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வால் நுனியில் ஒட்டிய சாணியைக் கழுவிக் காய விடுங்கள். ஐந்தாறு முடியை விரலில் சுற்றி, வால் தோலோடு ஒட்டினாற்போல் பிடித்து, ஒரே இழுப்பில் வேரோடு பிடுங்குங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். முடியின் அடியில் வெள்ளையாக, அரிசிக் குருணையை விடச் சின்னதாக ஒரு குமிழ் வரும். டிஎன்ஏ அந்தக் குமிழில்தான் இருக்கிறது. குமிழ் இல்லாத முடி வீண். இப்படி 30 முடி சேர்த்துக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு மாட்டை முடித்ததும் கையைக் கழுவிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போங்கள். உறையின் மேல் காது வில்லை எண்ணை எழுதுங்கள், பெயரை அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு பண்ணையில் பெயர் எழுதி முடி அனுப்பினோம். அந்தக் கொட்டகையில் இரண்டு லட்சுமி இருப்பதை அனுப்பும்போது யாரும் நினைக்கவில்லை. முடிவு வந்தபோது எந்த லட்சுமிக்கு எது என்று தெரியாமல், இரண்டுக்கும் மறுபடி பணம் கட்டிச் செய்ய வேண்டியதாயிற்று.

ஆய்வுக்கூடத்தில் அந்தக் குமிழை என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். முதலில் செல்லைக் கரைத்து டிஎன்ஏவைப் பிரிப்பார்கள். பிறகு பிசிஆர். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பிசிஆர் இதன் உடன்பிறப்புதான். 270 கோடி எழுத்துக்குள் நமக்கு வேண்டியது நூற்றுச் சொச்சம் எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. அதை மட்டும் திரும்பத் திரும்ப நகல் எடுக்க வேண்டும். 95 டிகிரிச் சூட்டில் டிஎன்ஏவின் முறுக்கு பிரிந்து இரண்டு இழையாகும். 60 டிகிரி அளவுக்கு ஆறவிட்டால், நாம் சேர்த்த சின்னத் தொடக்கத் துணுக்குகள் நமக்கு வேண்டிய இடத்தின் இரு ஓரத்திலும் போய் ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நொதி அங்கிருந்து நகல் எழுதிக்கொண்டே போகும். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், அடுத்ததில் நாலு, அப்புறம் எட்டு. 30 சுற்று முடிந்தால் கணக்குப்படி ஒரு துண்டு 107 கோடித் துண்டாகியிருக்கும். இரண்டு மூன்று மணி நேர வேலை.

95 டிகிரியில் சாதாரண நொதி வெந்துபோகும். இதில் போடும் நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது, சூடு அதற்குப் பழக்கம். பிசிஆர் முறையை 1983இல் யோசித்தவர் கேரி மல்லிஸ், அதற்காக 1993இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மாத்தூர்க் கொட்டகையில் பிடுங்கிய ஒரு மாட்டு முடி அந்த யோசனையின் வழியாகத்தான் படிக்கப்படுகிறது என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நகல் எடுத்த துண்டில் எழுத்து எது என்று பார்க்கப் பல வழி. பழைய, நம்பகமான வழி, வெட்டும் நொதி. அது குறிப்பிட்ட எழுத்து வரிசை இருந்தால் மட்டும் டிஎன்ஏவை அந்த இடத்தில் வெட்டும். இரண்டு வகையில் ஒன்றில் மட்டும் வெட்டு விழும்படி அமைத்துவிட்டு, துண்டுகளை ஜெல்லில் மின்சாரம் விட்டு ஓட விடுவார்கள். சின்னத் துண்டு வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். வெட்டு விழாத மாட்டுக்கு மேலே ஒரு கோடு தெரியும். முழுக்க வெட்டுப்பட்ட மாட்டுக்குக் கீழே தெரியும். ஏ1ஏ2 மாட்டுக்கு மேலேயும் கீழேயும் தெரியும், ஏனென்றால் அதன் ஒரு பிரதி வெட்டுப்பட்டது, மற்றது படவில்லை.

ஒரு எச்சரிக்கை. உங்கள் மாடு எதுவாவது இரட்டைக் கன்றில் ஒன்றாகப் பிறந்ததென்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரட்டைக் கன்றுகளுக்குத் தாய் வயிற்றிலேயே ரத்தம் கலந்துவிடுவது வழக்கம். பிறந்த பிறகும் ஒன்றின் உடம்பில் மற்றதன் வெள்ளையணு ஊறிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் டெஸ்ட் செய்தால் கூடப் பிறந்ததன் எழுத்தையும் சேர்த்துப் படித்துவிடும். அந்த மாட்டுக்கு முடிதான் சரி. காளையோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பத்தில் ஒன்பது மலடாகத்தான் நிற்கும், விலைக்கு வாங்கும்போது இதையும் கேளுங்கள்.

முடிவு வந்த பிறகு என்ன செய்வது? மூன்றில் ஒன்று ஏ2ஏ2 என்று வந்தால் அதன் பாலைத் தனிக் கேனில் கறந்து தனியாக ஊற்றலாம். ஒரே கேனில் கொட்டினால் அந்தப் பெயர் போய்விடும், பாலிலும் டிஎன்ஏ உண்டு, யாராவது சோதித்தால் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற மாடுகளுக்கு வழி சினை ஊசி, அதாவது காளையின் விந்தை ஊசி வழியாகச் செலுத்திச் சினையாக்குவது. ஏ1ஏ2 மாட்டுக்கு ஏ2ஏ2 காளையின் ஊசி போட்டால் கன்று ஏ2ஏ2 ஆவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஏ1ஏ1 மாட்டுக்கு அதே ஊசி போட்டால் கன்று ஏ1ஏ2 ஆகத்தான் வரும், அதன் கன்றுக்குத்தான் அடுத்த வாய்ப்பு. ஊசி போட வருபவரிடம் காளையின் எண்ணைக் கேட்டு, அதற்குப் பீட்டா கேசின் சோதனை ஆகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆனால் ஏ2 என்பதற்காக மட்டும் காளையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் காளையின் தாய் எவ்வளவு கறந்தது என்பதுதான் உங்கள் அடுப்பை எரிய வைக்கும். இன்றைக்கு ஊசி போட்டால் கன்று விழ ஒன்பது மாதம் பத்து நாள், அந்தக் கிடேரி கறவைக்கு வர இன்னும் இரண்டரை மூன்று ஆண்டு. பொறுமை வேண்டும், ஆனால் இருக்கிற மாடுகளின் பால் வருமானம் கைவிட்டுப் போகாது.

பால் வாங்குகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதும் முக்கியம். ஏ1 பால் செரிக்கும்போது ஏழு அமினோ அமிலத் துணுக்கு ஒன்று விடுபடுகிறது, அதனால் நோய் வருகிறது என்ற பேச்சு பல ஆண்டாக இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் இதை ஆராய்ந்து, நோய்க்கும் அதற்கும் காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. சிலருக்கு ஏ2 பாலில் வயிற்று உப்புசம் குறைகிறது என்று சிறு ஆய்வுகள் சொல்கின்றன. பால் சர்க்கரை செரிக்காதவருக்கு ஏ2 பாலும் சேராது, அதிலும் அதே சர்க்கரைதான். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் பாக்கெட்டுகளில் ஏ1, ஏ2 என்று போடுவதை நீக்கச் சொன்னது, சில நாளிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே மருந்து மாதிரி சொல்லி விற்காதீர்கள். "இது எருமைப் பால், இது இந்த மாட்டுப் பால், டெஸ்ட் முடிவு இதோ" என்று காட்டினால் போதும். கண்ணெதிரே கறந்து கொடுக்கும் பாலுக்கு மரியாதை தானாக வரும்.

உங்களுக்கு அலைச்சலும் அதிகமில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரம் பால்பண்ணையில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டில் ஒன்றில் போய் இந்தச் சோதனைக்கு எங்கே கொடுப்பது, எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். மூன்று மாட்டின் காது வில்லை எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். எருமைக்குச் செலவு செய்ய வேண்டாம். முடிவு வந்ததும் ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே இரட்டை எழுத்தை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள், அடுத்த பருவத்துக்கு எந்த மாட்டுக்கு எந்த ஊசி என்று பார்த்துச் சொல்கிறேன்.